பிளாஸ்டிக் துப்பாக்கில முதல்ல போறது பிளாஸ்டிக் இல்ல

புதுசா ஷூட்டிங்குக்கு வர்றவங்க என் பிஸ்டலை கையில வாங்கினதும் பிடியை விரலால ஒரு தட்டு தட்டுவாங்க, அப்புறம் எல்லாரும் கேக்கறது ஒண்ணேதான்: இது பிளாஸ்டிக்தானே, இத வச்சு வருஷக்கணக்கா மேட்ச் சுட்டா தாங்குமா, பேசாம ஸ்டீல் ஃப்ரேமே வாங்கிடலாமா. நியாயமான கேள்விதான், ஆனா அந்த பிளாஸ்டிக்தான் துப்பாக்கிலயே கடைசியா போற சாமான்.

நான் ஐபிஎஸ்சி மேட்ச்ல (ஓடிக்கிட்டே டார்கெட் சுடற போட்டி) ப்ரொடக்ஷன் டிவிஷன்ல, அதாவது பெருசா மாத்தாத கம்பெனி துப்பாக்கிப் பிரிவுல, ரொம்ப நாள் சுட்டுட்டு, கண்ணு கொஞ்சம் மங்க ஆரம்பிச்சதும் டாட் (ஒளிப்புள்ளி காட்டற சைட்) மாட்டிக்கிட்டு ப்ரொடக்ஷன் ஆப்டிக்ஸ் பக்கம் வந்தவன். துப்பாக்கி ஒண்ணுதான், 9 எம்எம், ஸ்ட்ரைக்கர் வகை (சுத்தியல் இல்லாம உள்ள இருக்கற ஊசியே பாஞ்சு அடிக்கறது), மேல டாட் மாட்டறதுக்கு தகடு வச்சே வந்த மாடல். அம்பதாயிரம் ரவுண்டை தாண்டி எப்பவோ ஆச்சு. எந்த கம்பெனின்னு சொல்லப் போறதில்ல, சொன்னா மீதிப் பேச்சு முழுக்க உன் கம்பெனி என் கம்பெனின்னே போயிடும். ஃப்ரேம் (பிடியோட சேந்த கீழ்ப்பாதி), ஸ்லைடு (மேல முன்னும் பின்னும் ஓடற பாதி), பேரல் (குழாய்) மூணும் வாங்கினப்ப வந்ததுதான். உள்ள இருக்கற மத்த சாமான்ல பாதிக்கு மேல மாத்தியாச்சு, சிலது ரெண்டு மூணு தடவை.

ஃப்ரேம் ஏன் தாங்குதுன்னு முதல்ல சொல்லிடறேன். பாலிமர் ஃப்ரேம், அதான் நீங்க சொல்ற பிளாஸ்டிக், ஒண்ணும் நேத்து வந்த விஷயம் இல்ல, ஹெக்லர் அண்ட் கோக்கோட விபி70 வந்தது 1970ல, ஆஸ்திரிய ராணுவம் க்ளாக் 17ஐ எடுத்தது 1982ல. இந்த ஃப்ரேமெல்லாம் நைலான் வகை, கண்ணாடி இழை கலந்தும் வரும். ஸ்லைடு ஓடற தண்டவாளம் மட்டும் ஸ்டீல், அச்சுல வார்க்கும்போதே உள்ள புதைச்சுடறாங்க, இல்லன்னா தனி ஸ்டீல் சட்டமா உள்ள இறக்கி வைக்கறாங்க. க்ளாக்ல கழட்டிப் பாத்தா ஃப்ரேமுக்கு மேல நாலு சின்ன ஸ்டீல் நாக்குதான் தெரியும், மொத்த ஸ்லைடும் அது மேலதான் ஓடுது. வெடிக்கும்போது வர்ற பிரஷரை, 9 எம்எம்ல அதிகபட்சம் 35,000 பிஎஸ்ஐ, பேரலும் ஸ்லைடும் ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கிட்டு ஸ்டீலுக்கு ஸ்டீலா தாங்கிக்குது. ஃப்ரேமுக்கு வர்றது அதுக்கப்புறம் ஸ்பிரிங் வழியாவும் லாக்கிங் பிளாக் (ஃப்ரேமுக்குள்ள பேரல் வந்து மோதற ஸ்டீல் துண்டு) வழியாவும் வர்ற மிச்ச அடிதான். ஸ்லோ மோஷன் வீடியோல பாத்தீங்கன்னா ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஃப்ரேம் லேசா வளைஞ்சு நிமிரும், பயமா இருக்கும், ஆனா அந்த வளையற குணம்தான் அதை காப்பாத்துது. அலுமினியத்துக்கு அந்த குணம் இல்ல, சின்னச் சின்ன அடியெல்லாம் உள்ளயே சேந்துக்கிட்டு போய் ஒருநாள் விரிசல் விடும். அமெரிக்கால டாட் லூயிஸ் கிரீன்னு ஒரு பயிற்சியாளர் இருந்தாரு, அதே ஹெக்லர் அண்ட் கோக்கோட பாலிமர் ஃப்ரேம் பி30 ஒண்ணை எடுத்து 91,000 ரவுண்டுக்கு மேல சுட்டு நடந்ததையெல்லாம் எழுதி வச்சாரு. வாரத்துக்கு 200 ரவுண்டு சுடற ஆளுக்கு அது ஒன்பது வருஷக் கணக்கு.

சரி, அப்ப என்னதான் போகும்?

முதல்ல ரீகாயில் ஸ்பிரிங், சுட்டதும் பின்னாடி போற ஸ்லைடை திரும்ப முன்னாடி தள்றது. இது பைக்குல செயின் மாதிரி, வண்டி நல்லாத்தான் இருக்கு, ஆனா செயினை மாத்தாம ஓட்டினா வண்டியவே தின்னுடும். ஒத்தை ஸ்பிரிங் இருக்கற மாடலுக்கு 3,000ல இருந்து 5,000 ரவுண்டுக்குள்ள மாத்தறது பொதுவான பழக்கம், ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு ஸ்பிரிங் வச்சு வர்ற புது மாடலெல்லாம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும். உங்க மேனுவல்ல ஒரு நம்பர் போட்டிருந்தா அதுதான் கணக்கு. ஸ்பிரிங் சோந்துபோச்சுன்னா காலி கேஸ் (சுட்ட தோட்டாவோட கூடு) வழக்கத்த விட தூரமா போய் விழும், கைல அடி கூர்மையா தெரியும், ஸ்லைடு பின்னாடி போய் ஃப்ரேமை டமால்னு இடிக்கும். அந்த இடி நாள்பட நாள்பட லாக்கிங் பிளாக்கையும் பின்னையும் அடிச்சு நசுக்கும். ஃப்ரேம் உடைஞ்சுதுன்னு வந்த துப்பாக்கி சிலதை நான் கைல வாங்கிப் பாத்திருக்கேன், அதுல ரெண்டுக்கு ஸ்பிரிங் எப்ப மாத்தினீங்கன்னு கேட்டா ஓனர் முழிச்சாரு.

ஸ்பிரிங்கை செக் பண்ண ஒரு சுலபமான வழி இருக்கு. சேஃப்டி ஏரியால (தோட்டா இல்லாம துப்பாக்கியைக் கையாள ஒதுக்கின இடம்), மேகசினை (தோட்டா டப்பாவை) எடுத்துட்டு, சேம்பரை (தோட்டா உக்கார்ற அறை) கண்ணால பாத்து விரலால தடவி காலின்னு ஊர்ஜிதம் பண்ணிட்டு, குழாயை மேல பாக்க சாய்ச்சு, ட்ரிக்கரை அழுத்தினபடியே ஸ்லைடை பின்னாடி இழுத்து, கையால பிடிச்சுக்கிட்டே மெதுவா முன்னாடி விடுங்க. முழுசா போய் மூடிக்கணும். கடைசி கொஞ்ச தூரத்துல நின்னுடுச்சுன்னா ஸ்பிரிங் முடிஞ்சுது, அழுக்கு சேந்திருந்தாலும் நிக்கும், அதனால துடைச்சு ஒரு சொட்டு எண்ணெய் போட்டு திரும்ப பண்ணிப் பாருங்க. நான் மாசம் ஒருதடவை பண்றேன்.

இதுல மேட்ச் ஆளுங்களுக்குன்னே ஒரு வினை இருக்கு. மைனர் பவர் ஃபேக்டர் (தோட்டாத் தலையோட எடையை வேகத்தால பெருக்கி ஆயிரத்தால வகுத்த கணக்கு) 125 வந்தா போதும், 124 கிரெய்ன் எடைத் தலையை ஒரு செகண்டுக்கு 1,010 அடி வேகத்துல அனுப்பினா தாண்டிடும், 147 கிரெய்ன்னா 855 அடியே போதும். அதனால எல்லாரும் தோட்டாவை மெத்துனு தாங்களே லோடு பண்ணிக்குவாங்க, அதுக்கு ஏத்த மாதிரி 17 பவுண்டு ஸ்பிரிங்கை எடுத்துட்டு 13 பவுண்டு, இன்னும் ஆசை இருந்தா 11ன்னு இறங்குவாங்க. மெத்து லோடு சுடற வரைக்கும் ஒண்ணும் ஆகாது, சொல்லப்போனா துப்பாக்கிக்கு நல்லதுதான். ஒருநாள் கைல லோடு தீந்துபோய் பாக்கெட்ல வாங்கின காட்டமான தோட்டாவை அதே ஸ்பிரிங்ல சுடும்போதுதான் வில்லங்கம், ஸ்லைடு கட்டுப்பாடே இல்லாம பின்னாடி வந்து அடிக்கும். இன்னொண்ணு, க்ளாக் மாதிரி டிசைன்ல ட்ரிக்கரை இழுக்க இழுக்க ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங் ஸ்லைடை பின்பக்கமா இழுக்கும், முன்னாடி தள்ளிப் பிடிக்கற ரீகாயில் ஸ்பிரிங்கை ரொம்ப இளக்கிட்டா ட்ரிக்கர் இழுக்கும்போதே ஸ்லைடு லேசா திறக்கப் பாக்கும். அதுக்காக ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கையும் இளக்கினா கெட்டியான ப்ரைமர் (ஊசி அடிச்சதும் தீப்பொறி தர்ற, தோட்டா அடியில இருக்கற சின்ன மூடி) வெடிக்காம போகும். ஒண்ணை தொட்டா இன்னொண்ணு ஆடும். எனக்கு இதுல ஒரு கறாரான கருத்து உண்டு, ப்ரொடக்ஷன் துப்பாக்கிக்கு கம்பெனி ஸ்பிரிங்கே போதும், அந்த மெத்து ஸ்பிரிங்ல கிடைக்கற லாபத்த விட பிடியை ஒழுங்கா பிடிக்கறதுல கிடைக்கறது ஜாஸ்தி. எதை மாத்தறதுக்கு முன்னாடியும் உங்க டிவிஷன் ரூல் புக்கை ஒருதடவை பாத்துடுங்க, எல்லா டிவிஷன்லயும் எல்லாத்தையும் மாத்த விடமாட்டாங்க.

அடுத்து குட்டி ஸ்பிரிங்குங்க, ட்ரிக்கர் ஸ்பிரிங், ஸ்லைடு லாக் ஸ்பிரிங், எக்ஸ்ட்ராக்டருக்கு (காலி கேஸை சேம்பர்ல இருந்து இழுக்கற கொக்கி) பின்னாடி இருக்கற ஸ்பிரிங். இதெல்லாம் எந்த முன்னறிவிப்பும் தராது. ஒரு மேட்ச்ல எனக்கு ஸ்டேஜ் (மேட்ச்ல ஒரு சுற்று) பாதில ட்ரிக்கர் தளதளன்னு தொங்கிடுச்சு, ஸ்பிரிங்கோட கொக்கி வளையற இடத்துல ரெண்டா போயிருக்கு. ஐபிஎஸ்சில கோளாறை சரி பண்ண ரெண்டு நிமிஷம் தருவாங்க, நடு ஸ்டேஜ்ல பின்னு தட்டி எடுத்து ஸ்பிரிங் மாத்தறதுக்கெல்லாம் அது ஆகாது, சுடாத டார்கெட் எல்லாம் மிஸ்தான். அந்த ஸ்பிரிங் விலை ஒரு பாக்கெட் தோட்டாக்கு கூட பெறாது. அதுல இருந்து வருஷத்துக்கு ஒருதடவை, பெரிய மேட்ச் சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, குட்டி ஸ்பிரிங் மொத்தத்தையும் மாத்திடறேன், நல்லா இருக்கா இல்லையான்னு பாக்கறதே இல்ல. மாத்தின கையோட இருநூறு ரவுண்டாவது சுட்டுப் பாத்துட்டுத்தான் மேட்சுக்கு எடுத்துட்டுப் போவேன், ஏன்னா புது பார்ட்டும் சில சமயம் முதல் நாளே பல்லை காட்டும்.

ட்ரை ஃபயரையும், அதாவது தோட்டா இல்லாம ட்ரிக்கர் இழுத்துப் பழகறதையும், கணக்குல சேத்துக்கணும், இதை நிறைய பேர் விட்டுடறாங்க. சீரியஸா மேட்ச் சுடற ஆள் நிஜ தோட்டாவ விட பல மடங்கு வெறும் ட்ரிக்கர் இழுக்கறான். ட்ரிக்கர் ஸ்பிரிங்குக்கு சேம்பர்ல தோட்டா இருக்கா இல்லையான்னு தெரியாது, அதுக்கு எல்லாம் ஒரு இழுப்புதான். ஸ்ட்ரைக்கருக்கு கதை இன்னும் மோசம், முன்னாடி ப்ரைமர் இல்லாததால அது ஸ்லைடோட உள்பக்கச் சுவர்லயே போய் மோதி நிக்கும், ஆயிரக்கணக்குல இது நடந்தா ஸ்ட்ரைக்கர் துளையை சுத்தி உலோகம் களைச்சுப்போய் பிச்சுக்கிட்டு வர்றது உண்டு. ஸ்னாப் கேப் (டம்மி தோட்டா) போட்டுக்கங்க. ஆனா மேட்ச் நடக்கற இடத்துல சேஃப்டி ஏரியால டம்மி தோட்டாவைக் கூட தொடக்கூடாதுன்னு ரூல் இருக்கு, அங்க பையிலயே இருக்கட்டும்.

எக்ஸ்ட்ராக்டர். என்னோடதுல ஒரு சமயம் நாலஞ்சு மேகசினுக்கு ஒருதடவை காலி கேஸ் வாசல்ல நட்டுக்க நிக்க ஆரம்பிச்சுது. எப்பவும் இல்ல, எப்பவாவது, அதுதான் இதுல கொடுமை. மேகசின் மாத்தி, தோட்டா மாத்தி, வேற ஆளை சுடச்சொல்லின்னு ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டே வந்து கடைசில ஸ்லைடை கழட்டி டார்ச் அடிச்சு லென்ஸ் வச்சு பாத்தா, எக்ஸ்ட்ராக்டர் கொக்கியோட கீழ் முனைல ஒரு சின்ன சில்லு காணோம். சுத்தி எல்லாம் கரி படிஞ்சு கருப்பு, உடைஞ்ச இடம் மட்டும் புதுசா வெள்ளையா மினுங்குது. வெறும் கண்ணுக்கு சத்தியமா தெரியாது. இந்த கொக்கி சீக்கிரம் உடையறதுக்கு ஒரு காரணம், சேம்பர்ல கையால ஒரு தோட்டாவைப் போட்டுட்டு ஸ்லைடை விடற பழக்கம். தோட்டா மேகசின்ல இருந்து ஏறி வரும்போது அதோட விளிம்பு கீழ இருந்து வழுக்கிக்கிட்டு கொக்கிக்குள்ள உக்காரும், கையால போட்டா கொக்கி விளிம்பு மேல ஏறி தாண்டி விழணும், நிறைய துப்பாக்கில கொக்கியை அதுக்காக செஞ்சிருக்கல. எப்பவும் மேகசின்ல இருந்தே ஏத்துங்க. சுத்தம் பண்ணும்போது கொக்கிக்கு அடில ஒரு பல்குச்சி விட்டு கரியை எடுத்துடுங்க, சில நேரம் உடையவே இல்ல, வெறும் கரிதான் பிரச்சனையா இருக்கும்.

மேகசின் பத்தி தனியாவே எழுதலாம். துப்பாக்கி சிக்குதுன்னு என்கிட்ட வந்ததுல பெரும்பாதி மேகசின் கோளாறுதான். ஓடிக்கிட்டே மேகசினை கழட்டி கீழ போடறோம், மணல்லயும் ஜல்லிலயும் விழுது, அடுத்த ஆள் மிதிக்கறான், உதடு வளையுது, அடித்தட்டு விரியுது. ஒவ்வொண்ணுக்கும் அடியில பெயிண்ட் பேனாவால நம்பர் போட்டுடுங்க, சிக்கினா எந்த நம்பர்னு குறிச்சுக்கங்க, ரெண்டாவது தடவை அதே நம்பர் வந்தா அது ப்ராக்டிஸ் பைக்கு போயிடணும். தோட்டாவை உள்ளயே போட்டு வச்சா ஸ்பிரிங் செத்துடும்னு ஒரு பயம் நிறைய பேருக்கு இருக்கு, நல்ல ஸ்பிரிங் அமுங்கி இருக்கறதால அவ்ளோ சீக்கிரம் சாகாது, திரும்பத் திரும்ப அமுங்கி விரியறதுலதான் தளரும். கடைசி ரவுண்டுக்கு அப்புறம் ஸ்லைடு பின்னாடி நிக்காம மூடிக்கிச்சுன்னா அதுதான் முதல் அறிகுறி, உங்க கட்டைவிரல் ஸ்லைடு ஸ்டாப் லீவர் (ஸ்லைடை பின்னாடி நிறுத்தற நெம்பு) மேல இல்லைங்கறதை மட்டும் உறுதி பண்ணிக்கங்க. இன்னொரு விஷயம், சீக்கிரம் கழட்டலாம்னு பாலிமர் மேகசின் கேட்சை எடுத்துட்டு உலோகக் கேட்ச் மாட்டறாங்க இல்ல, அது மேகசின்ல இருக்கற பிளாஸ்டிக் பள்ளத்தை கொஞ்சம் கொஞ்சமா கடிச்சுத் தின்னும். முதல்ல ஓரம் மழுங்கும், அப்புறம் மேகசின் ஒரு நூலளவு கீழ தொங்கும், அப்புறம் நடு ஸ்டேஜ்ல தானா கழண்டு கால்ல விழும். மெத்து மேல கெட்டி உரசினா மெத்துதான் தேயும், அதுவும் மெத்தா இருக்கறது விலை கம்மியான பக்கத்துல இருக்கணும்.

டாட் மாட்டினதுக்கு அப்புறம் எனக்கு தலைவலியே ஸ்க்ரூதான். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஸ்லைடு வேகமா போய் டக்குனு நின்னு திரும்புது, மேல உக்காந்திருக்கற டாட்டுக்கு அது ரெண்டு அடி, நடுவுல அடாப்டர் தகடு இருந்தா தளர்றதுக்கு ரெண்டு மூட்டு. ஓட்டையையும் ஸ்க்ரூவையும் எண்ணெய் பிசுக்கு இல்லாம துடைச்சு, நீல கலர் த்ரெட்லாக்கர் (ஸ்க்ரூ தளராம பிடிக்கற பசை) துளியூண்டு வச்சு, டாட் கம்பெனி சொன்ன முறுக்கு அளவுக்கு டார்க் ட்ரைவர் வச்சே முறுக்கணும், கை அழுத்தத்துக்கு முறுக்கினா சின்ன ஸ்க்ரூ கழுத்து திருகிக்கிட்டு உள்ளயே மாட்டிக்கும். முறுக்கினதும் ஸ்க்ரூ தலைல இருந்து டாட் உடம்பு வரைக்கும் நெயில் பாலிஷால ஒரு கோடு இழுத்துடுங்க. கோடு உடைஞ்சிருந்தா ஸ்க்ரூ நகந்திருக்குன்னு அர்த்தம், ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் ஒரு பார்வை போதும். பேட்டரியை சீசனுக்கு ஒண்ணுன்னு மாத்திடறேன். இரும்பு சைட்லயும் முன் சைட் தளர்றது, ஃபைபர் கம்பி விழறதெல்லாம் உண்டு, பையில ஒரு துண்டு கம்பியும் லைட்டரும் இருந்தா அங்கயே முடிஞ்சுது.

பேரலைப் பத்தி பெருசா கவலையே வேண்டாம். 9 எம்எம் ரைபிள் மாதிரி பேரலை எரிக்காது, ஜாக்கெட் போட்ட இல்ல கோட்டிங் போட்ட தலையை சுட்டா பல பத்தாயிரம் ரவுண்டு போகும். க்ளாக்கோட பழைய பாலிகோனல் பேரல்ல (உள்பக்கம் பலகோணமா இருக்கறது) கோட்டிங் இல்லாத வெறும் ஈயத் தலையை சுடவேண்டாம்னு கம்பெனியே சொல்லுது. டார்கெட் பேப்பர்ல ஓட்டை உருண்டையா இல்லாம சாவித்துவாரம் மாதிரி நீளமா வர ஆரம்பிச்சா அப்ப யோசிங்க.

ஃப்ரேம் உடையவே உடையாதான்னா, உடையும். நான் பாத்ததுல முக்காவாசி மனுஷன் கைவேலை. பிடி வழுக்குதுன்னு சால்டரிங் அயர்னை சூடு பண்ணி புள்ளி புள்ளியா குத்தறது ஒரு கலையாவே ஆயிடுச்சு, பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா ட்ரிக்கர் கார்டுக்கு கீழயும் மேகசின் வாசல் ஓரத்துலயும் சுவர் மெல்லிசு, அங்க ஆழமா குத்தினா விரிசல் ஆரம்பிக்க இடம் குடுத்த மாதிரி. அப்புறம் ரீலோடிங் தப்பு, டபுள் சார்ஜ் ஆகி (ஒரு தோட்டால மருந்து ரெண்டு தடவை விழுந்து) கேஸ் அடில கிழிஞ்சா சூடான வாயு மேகசின் வழியாத்தான் வெளிய வரும், மேகசின் கீழ தெறிக்கும், பிடி பக்கவாட்டுல பொளந்துக்கும். ஸ்டீல் ஃப்ரேம் இங்க ஜெயிக்கும்தான், ஆனா அப்ப நம்ம கவலை ஃப்ரேமைப் பத்தி இருக்காது, கையைப் பத்தி இருக்கும். உண்மையான வயசுத் தேய்மானம்னா ஸ்டீல் நாக்கு ஒண்ணு முறியறது, பின் ஓட்டை தளர்ந்து பின் வெளிய நடக்கறது. சிக் பி320 மாதிரி டிசைன்ல இந்தக் கவலையே பாதி இல்ல, சீரியல் நம்பர் உள்ள இருக்கற ஸ்டீல் யூனிட்ல இருக்கு, பாலிமர் பிடி வெறும் மாத்திக்கற சட்டை.

வெயில், எண்ணெய், சால்வென்ட் பத்தி ஒரு வரி. கருப்பு பாலிமர்ல கரித்தூள் கலந்திருக்கும், அது வெயிலைத் தாங்க உதவும், துப்பாக்கி எண்ணெயெல்லாம் நைலானை ஒண்ணும் பண்ணாது. நைலான் காத்துல இருக்கற ஈரத்தை கொஞ்சம் உறிஞ்சும், அதனால அடி தாங்கற குணம் கூடத்தான் செய்யும், சுத்தமா காஞ்ச நைலான்தான் மொறுமொறுன்னு உடையும். கண்ட ஸ்ப்ரேயை டாட் லென்ஸ் மேல அடிச்சுடாதீங்க, ஸ்ட்ரைக்கர் ஓடற குழாய்ல எண்ணெய் விடாதீங்க. சுத்தம் பண்ணி முடிச்சதும் கையை சோப்பு போட்டு கழுவுங்க, ப்ரைமர் கரில ஈயம் இருக்கு.

ஸ்டீல் வாங்கலாமான்னா தாராளமா வாங்குங்க, ஆனா காரணத்தை சரியா வச்சுக்கங்க. ஸ்டீல் ஃப்ரேம் சிஸெட் ஷேடோ 2ஓட எடை 1,300 கிராமுக்கு மேல, க்ளாக் 17 அதுல பாதிதான், அந்த எடைதான் மூக்கு எகிறாம பிடிக்குது, மேட்ச்ல ஆளுங்க மாறறது அதுக்குத்தான். பாலிமர் கம்பெனிங்களே இதைப் புரிஞ்சுக்கிட்டு எடை ஏத்த வழி தேடறாங்க, சிக் எக்ஸ்ஃபைவ் லீஜன்ல பாலிமரோட டங்ஸ்டனையே கலந்து பிடியை கனமாக்கியிருக்காங்க. ஸ்டீல் துப்பாக்கிலயும் ரீகாயில் ஸ்பிரிங் அதே கணக்குலதான் சாகும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்களுக்கு. காலின்னு பாத்துட்டு கழட்டி, ஸ்டீல் நாக்கு நாலையும் டார்ச் அடிச்சுப் பாருங்க, பளபளன்னு தேஞ்சிருக்கறது பரவால்ல, சுத்தி பாலிமர்ல வெள்ளைக் கோடு இருந்தா வேண்டாம். லாக்கிங் பிளாக்கோட மூலைங்கள்ல நகத்தை ஓட்டுங்க, விரிசல் இருந்தா நகம் தட்டும். பேரலை வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சா உள்ள வளையம் மாதிரி ஒரு நிழல் தெரிஞ்சுதுன்னா முன்னாடி எப்பவோ ஒரு குண்டு நடுவுல மாட்டி அது மேல இன்னொண்ணு சுட்டிருக்காங்க, பேரல் போச்சு. எத்தனை ரவுண்டுன்னு கேட்டா எல்லாரும் "ஆயிரம் கூட இருக்காது சார்"னுதான் சொல்லுவாங்க, அதை விட்டுட்டு ப்ரீச் முகத்துல (ஸ்லைடுக்குள்ள கேஸோட அடி சாயற சுவர்) ப்ரைமர் வாய் அரிச்ச வளையத்தையும், ஸ்லைடு ஸ்டாப் பள்ளத்தோட ஓரத்தையும் பாருங்க, ரெண்டும் பொய் சொல்லாது. வாங்கின அன்னைக்கே ரீகாயில் ஸ்பிரிங், ட்ரிக்கர் ஸ்பிரிங், எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங், மேகசின் ஸ்பிரிங் எல்லாத்துக்கும் சேத்து ஆர்டர் போட்டுட்டு, அந்த காசையும் விலையோட சேத்தே பேரம் பேசுங்க.